முன் சக்கரம் ஆடினால்

சித்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

தாமலச்செருவு மண்டியில் மாங்காயை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திருப்பதிக்குத் திரும்பும் வழியில், சந்திரகிரிக்கு முன்னால் ஒரு பாலத்தின் இணைப்பை எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்த கணத்தில், ஸ்டியரிங் உன் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாகத் துள்ளியது என்றும், வண்டியின் முன்பாகம் முழுவதும் பிரிந்து விழுந்துவிடும் போல் அதிர்ந்தது என்றும், பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் வண்டி நடுத்தடுப்பு வரை ஒதுங்கிப் பிறகுதான் அடங்கியது என்றும் எழுதியிருக்கிறாய். உயிருக்குச் சேதமில்லாமல் போனது தெய்வாதீனம். ஸ்டாண்டில் ஒருவர் ஸ்டியரிங் டாம்பரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் வீல் பாலன்சிங் போதும் என்கிறார், எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். காரணம் இன்னதென்று கண்டறிவதற்கு முன்னால் இரண்டில் எதையும் செய்யாதே என்பதே என் பதில். ஆட்டத்தை அடக்குவது ஒரு காரியம், ஆட்டத்துக்குரிய காரணத்தை நீக்குவது முற்றிலும் வேறொரு காரியம்.

ஆராய்ச்சிக்கு முன்னால் தற்காப்பைச் சொல்லிவிடுகிறேன். மறுபடி அப்படி நேர்ந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. அப்படி மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து, ஏற்கெனவே தத்தளிக்கும் சக்கரங்களின் மேல் இன்னும் அழுந்துகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றிக்கொள்; ஆனால் கட்டைவிரல்களைக் குறுக்குக் கம்பிகளுக்கு உள்ளே நுழைக்காமல் வளையத்தின் மேலேயே வைத்துக்கொள், ஏனெனில் துள்ளி வரும் கம்பி விரலை முறித்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிர்த்திசையில் திருப்ப முயலாதே. உன் கை போய்ச் சேர்வதற்குள் சக்கரம் மறுபுறம் போயிருக்கும், நீயும் அந்த ஆட்டத்துக்குத் துணை செய்தவன் ஆவாய். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தவும் செய்யாதே. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் அதைவிடப் பெரிய விபரீதம். வேகம் தானாகக் குறைந்து, முப்பது நாற்பதுக்கு அருகில் வரும்போது ஆட்டம் ஓய்ந்துவிடும். அதன்பிறகு இண்டிகேட்டரைப் போட்டு மெல்ல இடது ஓரம் சேர்த்துவிடு.

இனி, அது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உன் வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில், கிங்பின் என்னும் ஏறக்குறையச் செங்குத்தான முளைகளைப் பற்றித் திரும்பும்படி அமைந்து, டை ராடு என்னும் ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அச்சைப் பட்டா எனப்படும் தகட்டு வில்கள் தாங்குகின்றன. 1986இல் வந்த டாடா 407, 2005இல் வந்த டாடா ஏஸ், 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவை இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. பாரம் தாங்குவதிலும், பள்ளம் மேடுகளைப் பொறுத்துக்கொள்வதிலும், சிறு பட்டறையிலேயே பழுது பார்க்க இடங்கொடுப்பதிலும் இந்த அமைப்புக்கு நிகரில்லை. எனினும் அதற்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு பழைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இருபுறத்தையும் கைகளில் பிடித்துக்கொண்டு, வேறொருவரைக் கொண்டு வேகமாகச் சுழற்றச் செய்து, பிறகு அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார். சாய்வதோடு நில்லாமல் உன் கையைத் திருகிக்கொண்டு திசை திரும்பவும் அது முயலும். திசை திருப்பினாலோ, சாய முயலும். உன் வண்டியிலும் இதேதான் நடக்கிறது: ஒரு சக்கரம் பாலத்தின் இணைப்பில் ஏறிக் குதிக்கையில் அச்சு முழுவதும் ஒரு கணம் சாய்கிறது, சாய்ந்த அச்சு சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரத் திருப்புகிறது, திரும்பிய சக்கரங்கள் அச்சை எதிர்ப்புறம் சாய்க்கின்றன. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்த ஊசலாட்டம் இரண்டொரு தடவையில் மாய்ந்துவிடும். தளர்ந்திருந்தாலோ, வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை இழுத்துக்கொண்டு அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இது உன் வண்டிக்கு மட்டும் வந்த கஷ்டமன்று. 1923 வாக்கில் அமெரிக்காவில் குறைந்த காற்றழுத்தமுள்ள அகன்ற டயர்கள் புழக்கத்துக்கு வந்ததும், சொகுசு கூடிய அளவுக்கு முன் சக்கர ஆட்டமும் கூடி, அக்காலத்து எஞ்சினீயர்களை அலைக்கழித்தது. இங்கிலாந்திலிருந்து அங்கே சென்ற மாரிஸ் ஆலி என்பவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் செய்த ஆராய்ச்சிகளும் சேர்ந்து, ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனியாகத் தொங்கவிடும் அமைப்பு அக்கம்பெனியின் 1934ஆம் வருஷத்துக் கார்களில் இடம்பெற்றது. பொது அச்சு இல்லாதபோது ஒரு சக்கரத்தின் சாய்வு மற்றதைத் தொற்றுவதில்லை அல்லவா? இன்றைய திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016இல் தொடங்கிய ஆலையிலிருந்து வெளிவரும் இசுசு டி-மேக்ஸ் பிக்கப்பின் முன் சக்கரங்கள் அவ்விதம் அமைந்தவையே. விமானங்களின் மூக்குச் சக்கரத்துக்கும் இதே வியாதி உண்டு. ருஷ்யக் கணித மேதை கெல்டிஷ் 1945இல் அதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அத்தகையோர் சிரத்தை எடுத்து ஆராய்ந்த விஷயத்தை ஒரு உதிரிபாகம் வாங்கி மாட்டித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது சரியல்ல.

திருமலைக்குக் காய்கறி ஏற்றிச் சென்றபோது மலைப்பாதையில் எந்தக் குறையும் தெரியவில்லையே என்று நீ ஆச்சரியப்பட்டிருக்கிறாய். 1974இல் அமைந்த பாதையில் ஏறி, 1944இல் அமைந்த பாதையில் இறங்கும் அந்தப் பிரயாணம் முழுவதும் வளைவுகளுக்கு அடங்கிய குறைந்த வேகத்தில் நடப்பது. இந்த நோயோ வேகத்தில்தான் தலைகாட்டும். உன் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஒன்பது பத்துத் தடவை சுழல்கிறது. ரிம்மின் ஓரத்தில் 50 கிராம் எடை மட்டும் கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் அச்சை உலுக்கும். பாதி வேகத்தில் இந்த விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. மிருதுவான மண்ணில் கொத்தும்போது காம்பு தளர்ந்த மண்வெட்டி யாருக்கும் தெரிவதில்லை. கல்லில் பட்டதும் கையை உதறிவிடும். மலைப்பாதை உனக்கு மிருதுவான மண். பூதலப்பட்டிலிருந்து திருப்பதி செல்லும் அகன்ற சாலையே கல். சரக்கு வண்டிகளுக்கு நான்குவழிச் சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 80 கிலோமீட்டர் என்பதால், சட்டத்துக்கு அடங்கி ஓட்டுகிறவனும் இந்த அபாயத்தின் எல்லைக்குள்தான் ஓட்டுகிறான் என்பதை மறவாதே.

எல்லா நடுக்கமும் ஒன்றல்ல. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மெல்லத் தொடங்கி, அதைக் கடந்ததும் மறைந்துவிடுவது பெரும்பாலும் பாலன்சிங் குறை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருவது டிஸ்க் அல்லது டிரம்மின் கோணல். குலுக்கல் ஒன்று பட்டவுடன் திடீரெனக் கிளம்பி, வேகம் வெகுவாகக் குறையும் வரை ஓயாதது மூட்டுகளின் தளர்ச்சி. உன்னுடையது மூன்றாவது ஜாதி.

ஆகையால் பரீட்சையை மூட்டுகளிலிருந்து தொடங்கு. சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஒருவரை ஸீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை நாலு விரற்கடை அளவுக்கு இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருக்கச் சொல். நீ கீழே படுத்து, டை ராடு எண்டு, டிராக் லிங்க் எண்டு, ஸ்டியரிங் பாக்ஸ் என்று ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்கே வைத்துப் பார். ஒரு பாகம் நகர்ந்த பிறகு சற்றுத் தாமதித்து அடுத்த பாகம் நகருமானால், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியை விரல் காட்டிக்கொடுக்கும். ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடு. பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பற்றி ஆட்டு. ஆட்டம் இருந்தால், உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டு: ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில், மறையாமல் நீடித்தால் கிங்பின்னில் அல்லது அதன் புஷ்ஷில். பக்கவாட்டில் பற்றி ஆட்டினால் டை ராடின் தளர்ச்சி தெரியும். அதன்பின் பட்டாவை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளையும், சாக்கில் புஷ்களையும் பார். யூ போல்ட் தளர்ந்த வண்டியில் மற்ற அனைத்தும் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

மூட்டுகள் ஒழுங்கான பிறகே டயருக்கு வா. தடவிப் பார்க்கையில் பட்டன் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், அந்த ஆட்டம் வெகுநாளாக நடந்துவந்ததற்கு அதுவே சாட்சி. அத்தகைய டயரும், புடைத்த டயரும், ரீட்ரெட் செய்த டயரும் முன்னால் இருக்கலாகாது. காற்றைக் கம்பெனி குறித்த அளவில் இருபுறமும் சமமாக வைத்து, பாலன்சிங் செய்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் அலைன்மெண்ட் பார். தேய்ந்த மூட்டுகளின் மேல் அலைன்மெண்ட் செய்வது பணத்துக்குக் கேடு. மெஷினில் சரியாகக் காட்டும் கோணம் சாலைக்கு வந்ததும் மாறிவிடும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிங்பின்கள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காஸ்டர் எனப்படும் அந்தச் சாய்வுதான், கையை விட்டாலும் சக்கரத்தை நேராக நிறுத்துவது. தோத்தாபுரி ஸீஸனில் பழக்கூழ் ஆலைகளுக்கு முந்திக்கொண்டு போகும் அவசரத்தில் பின் அச்சுக்கும் அப்பால் பெட்டிகளை அடுக்கும்போது, வண்டியின் வால் தாழ்ந்து, காஸ்டர் வரம்பு மீறுவதோடு முன் சக்கரங்களின் பிடிப்பும் குறைகிறது. அதைச் சமாளிக்கப் பின்னால் கூடுதல் பட்டா போட்டுவிட்டாலோ, காலியாகத் திரும்பும்போது வால் உயர்ந்து காஸ்டர் குறைந்து, வண்டி நேர்வழி நில்லாமல் அலையும். நீ வாங்குவதற்கு முன் இந்த வண்டியில் பட்டா கூட்டப்பட்டிருக்கிறதா என்பதை எண்ணிப் பார்த்துவிடு.

டாம்பருக்கு வருகிறேன். அதிர்ச்சியை விழுங்கும் அந்தக் குழல் பொருத்தப்பட்ட வண்டிகளில் அது நல்ல சேவகன்தான். 2019இல் அமெரிக்காவில் ஜீப் ராங்லர் சொந்தக்காரர்கள் இதே ஆட்டத்தைப் பற்றிப் புகார் செய்தபோது, கம்பெனி புதிய டாம்பரையே பரிகாரமாக மாற்றிக்கொடுத்தது. ஆகவே அதற்குப் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த கிங்பின்னின் மேல் புதிய டாம்பரைப் போட்டால், சில மாதங்கள் ஆட்டம் தெரியாமல் இருக்கும், தேய்வு மட்டும் நிற்காது. எச்சரிக்கை மறைந்து ஆபத்து வளர்ந்த நிலையில் ஒரு நாள் மூட்டே கழன்றுகொள்ளலாம். அதனால்தான் அது கடைசியில் வர வேண்டியது என்கிறேன். அதைவிட மலிவான காவல் கிரீஸ். மாதந்தோறும் கிங்பின் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடி. சக்கரத்தைத் தூக்கி வைத்து அடி, ஏனென்றால் பாரம் அழுத்திக்கொண்டிருக்கையில் கீழ்ப் பேரிங் வரை கிரீஸ் இறங்காது. வண்டியைப் பம்ப் வைத்துக் கழுவிய மறுநாளும் இதை மறவாதே.

எட்டு வருஷத்துக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு வருஷந்தோறும் தகுதிச் சான்று வாங்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சான்று இருக்கிறதே என்று தைரியமாக இராதே. அது பரீட்சை நடந்த அன்றைய நிலையைச் சொல்லுமேயன்றி, அதற்குப் பிறகு ஸீஸன் முழுவதும் தேய்ந்ததைச் சொல்லாது. ஒரு மூட்டில் மயிரிழை, இன்னொன்றில் மயிரிழை என்று, தனித்தனியே பார்த்தால் எந்த மேஸ்திரியும் பொருட்படுத்தாத தளர்ச்சிகள் ஒன்றுகூடித்தான் உன் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கின. ஆகவே பட்டறையில், "அண்ணா, ஆட்டத்தை நிறுத்திக் கொடுங்கள்" என்று கேட்காதே. "ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு ஆட்டம் இருக்கிறதென்று எனக்குக் காட்டுங்கள்" என்று கேள். முதல் கேள்விக்கு ஒரு உதிரிபாகம் பதிலாக வரும், இரண்டாவதற்கு உண்மை பதிலாக வரும். கழற்றிய பாகத்தையும் கையில் வாங்கிப் பார். தேயாததை மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வேலை முடியும் வரை நாற்பதைத் தாண்டாதே, பெருஞ்சாலைக்குப் பாரம் ஏற்றாதே. இரண்டொரு லோடு போனால் போகட்டும். எந்த மூட்டில் எவ்வளவு ஆட்டம் கண்டதென்று வரிசையாக எழுதி அனுப்பு. எதை உடனே மாற்றவேண்டும், எது அடுத்த ஸீஸன் வரை தாங்கும் என்று நான் குறித்துத் தருகிறேன். செலவுக்குக் குறைந்தால் கூச்சப்படாமல் கேள். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமன்