பச்சைக் கட்டையைப் பட்டையோடு சாத்தி வைக்காதீர்கள்

ஹிக்கரி, ஆஷ், எல்ம் போன்ற மரங்களில் வில் செய்யத் தொடங்கும் அமெரிக்க இளைஞர்கள் பலரும் வெட்டிய கட்டையை அப்படியே கொட்டகையில் சாத்திவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்தால் முனைகளில் வெடிப்பு, பட்டைக்கு அடியில் வண்டு துளைத்த தடம். நல்ல மரம் இப்படி வீணாவதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. முதலில் செதுக்குங்கள், பிறகு காய வையுங்கள்.

பக்கங்களைவிட முனைகள் வழியே ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதோடு, ஆண்டு வளையத்தின் சுற்றுப்போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழுக்கட்டை இந்த இழுபறியில் பிளக்கிறது. மெலிதாகச் செதுக்கிய கட்டைக்கு அந்தச் சிரமம் மிகக் குறைவு.

மரம் சாய்ந்த அன்றே இரு முனைகளிலும் மரப்பசையைக் கெட்டியாகப் பூசுங்கள். பிறகு இரும்பு ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். ஆப்போ நார் ஓடும் வழியிலேயே போகும். பிளவு திருகிக்கொண்டு போனால் அந்தக் கட்டையைக் கோடரிப் பிடிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டியிருந்தால் பட்டை நீளநீளமாக உரிந்து வரும். அதன் அடியில் வழுவழுப்பாக, ஈரம் மினுங்கத் தெரியும் பரப்புதான் வில்லின் முதுகு. நாண் இழுக்கும்போது முழு இழுவிசையும் அங்கேதான் விழும், அதனால் அதில் கத்தி படவே கூடாது. உரித்த கையோடு ஷெல்லாக் பூசுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் மயிரிழை வெடிப்பு விழலாம். ஓசேஜ் ஆரஞ்சு மரம் விதிவிலக்கு: அதில் பட்டையோடு வெளிர்நிற வெளிமரத்தையும் நீக்கி, வைரத்தில் ஒரே ஆண்டு வளையத்தை முனைக்கு முனை அறுபடாமல் வெளிக்கொணர்ந்து பூச வேண்டும்.

பிறகு வயிற்றுப் பக்கத்தை, அதாவது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்தை, குறையுங்கள். சுமார் 1.8 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம், பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் கைகளில் 2 செ.மீ. தடிமன் போதும். பிடியில் கூடுதலாக விடுங்கள். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட ஊட்ஸி என்ற மனிதரின் அருகே கிடந்த யூ மர வில்லும் இப்படி முடிக்கப்படாத நிலையில்தான் இருந்தது. கோடரி செதுக்கிய தடங்கள் 5,000 ஆண்டுகளுக்குப் பின்னும் தெரிகின்றன.

செதுக்கியதை நேரான பலகையில் இறுக்கிக் கட்டி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வெயிலும் மின்விசிறிக் காற்றும் வேண்டாம். அதன்பின் 35 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பான பெட்டிக்கு மாற்றலாம். மரம் காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு, அதைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும் எடை, பிறகு கிராம் கணக்கில் குறைந்து, ஒரு கட்டத்தில் அப்படியே நிற்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள அறையில் எடை நிலைத்தால் மரத்தில் சுமார் 9 சதவீத ஈரம் இருக்கும். வில்லுக்கு அதுவே பதம். அதைவிட மிகவும் வறண்டால் முறியும்.

ஈரம் இருக்கும்போதே வளைத்தால் வயிற்றுப் பக்க நார் நசுங்கி, வில் நிரந்தரமாகக் கூனிவிடும். தொடர்ந்து ஒரு வாரம் எடை மாறாமல் நிற்கும்வரை தயவுசெய்து நாண் ஏற்றாதீர்கள்.