சாத்தூர்ப் பக்கம் மின் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று நம் வட்டாரத்தில் ஆய்வுக்குப் போகத் தொடங்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். மெகர் பிடிக்கவும் எர்த் டெஸ்டர் வைக்கவும் படிக்கும்போதே பழகியிருப்பீர்கள். கண்ட குறையை எந்த வகையில் எழுதுவது என்பதில்தான் எல்லோருக்கும் கை நிற்கும்.

1. வகைகள் நான்கு போதும். இப்போதே ஆபத்து, ஆபத்தாகக் கூடியது, திருத்தினால் நல்லது, மேலும் பார்க்க வேண்டியது. பிரிட்டனில் சி1, சி2, சி3, எஃப்.ஐ. என்று இதே பிரிவை அறிக்கையில் எழுதுகிறார்கள். குறியீடு எதுவானாலும் சரி, படிக்கும் முதலாளிக்கும் ஃபோர்மேனுக்கும் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து தெரிய வேண்டும்.

2. குறைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வகையைத் தீர்மானிப்பது அதுதான். மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்ட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இணைப்புகள் இறுக்கமாக, கைக்கு எட்டாமல் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் ஆள் போகாத மூலையில் இருந்தால் அது மூன்றாம் வகையில் அடங்கலாம். காகிதத் தூசி படியும் அச்சகத்தில் இரண்டாம் வகை. பொட்டாசியம் குளோரேட் கலந்த தீக்குச்சி மருந்து காய்ந்து தூசியாகப் பறக்கும் இடத்தில் அதே ஓட்டை முதல் வகை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இன்னொரு பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். அவை மின்கசிவால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. மருந்துக்குப் பொறி எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்பதை நம் ஊர் மறக்கக் கூடாது; வகை எழுதும்போது நீங்களும் மறக்கக் கூடாது.

3. மருந்து கலக்கும் ஷெட்டில் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. அங்கே ஒரு பல்பு தொங்கினால் வயர் நல்ல வயரா, எம்.சி.பி. இருக்கிறதா என்று ஆராயவே வேண்டாம். அது இருப்பதே முதல் வகை. தீபாவளி நெருங்கும் மாதங்களில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வைத்திருப்பார்கள். நீங்கள் வருவது தெரிந்து பல்பைக் கழற்றியிருந்தாலும் சுவரில் ஆணியும் ஜன்னல் ஓரத்தில் வயர் உரசிய தடமும் நிற்கும். அதையும் எழுதுங்கள்.

4. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டை விட்டுவிடாதீர்கள். உள்ளே போகிறவர் அதைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுப் போக வேண்டும். அதில் கரண்ட் ஓடுவதில்லை என்பதால் வயர்மேன்கள் பலர் அதை நம் வேலையாகவே எண்ணுவதில்லை. ஆயுத பூஜைக்குக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது தகட்டுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயின்ட் பூசிய தகட்டைத் தொட்டு என்ன பயன்? தகட்டிலிருந்து எர்த் வரை மீட்டர் வைத்துத் தொடர்ச்சி பாருங்கள். தொடர்ச்சி இல்லாவிட்டால் அது சரியாகும்வரை அந்த அறையில் கலவை நிற்க வேண்டும். பெயின்ட்டை எமரி தாள் போட்டுத் தேய்த்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டாலும் அறிக்கையில் முதல் வகையாகவே பதியுங்கள், 'அங்கேயே சரிசெய்யப்பட்டது' என்ற குறிப்போடு. அடுத்த ஆண்டு வருகிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

5. முதல் வகை என்று எழுதிவிட்டு கேட்டைத் தாண்டாதீர்கள். பொறுப்பாளரைக் கூட்டிவந்து காட்டி, இணைப்பைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, அட்டை தொங்கவிட்டு, எழுத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு. "லோடு போகணும் தம்பி, ரெண்டு நாள் பொறுங்க" என்பார்கள். அந்த இரண்டு நாளும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யப்போவது ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் வெம்பக்கோட்டையிலிருந்தும் வேனில் வரும் பெண்கள். துண்டிக்கச் சம்மதிக்காவிட்டால் அன்றே தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் மின் ஆய்வுத் துறைக்கும் எழுதுங்கள்.

6. பயத்தில் எல்லாவற்றையும் முதல் வகையில் போடுவதும் தவறுதான். டி.பி.யில் பெயர்ச்சீட்டு இல்லாததும் உயிருள்ள வயர் வெளியே தெரிவதும் ஒரே பட்டியலில் வந்தால், முதலாளி பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டுப் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்.

7. எர்த்துக்கு நம் கரிசலை அறிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் கோத்த மண்ணில் எந்த எர்த் குழியும் நல்ல அளவே காட்டும். சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, கம்பியைச் சுற்றிக் காற்றே நிற்கும். இடியோடு கோடை மழை வருவதும் அந்தச் சமயத்தில்தான். மண் மிக மோசமாக இருக்கும் மாதத்தில் மின்னல் தாங்கிக்கு வேலை வருகிறது. அதனால் மருந்துக் கிடங்கின் மின்னல் தாங்கியைப் பங்குனி, சித்திரையில் அளந்து பாருங்கள். 10 ஓமுக்குள் இருப்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. மழைக்காலத்தில் 8 ஓம் காட்டியதைத் 'தேறியது' என்று எழுதி முடிக்காமல், 'மேலும் பார்க்க வேண்டியது' என்று போட்டுக் கோடைக்குத் தேதி குறியுங்கள். கம்பி நடுவில் அறுந்திருந்தாலோ, செம்புப் பட்டையைத் திருடிப்போயிருந்தாலோ அளக்கவே தேவையில்லை, கிடங்குக்கு அது முதல் வகை.

8. மெகரில் 500 வோல்ட்டுக்கு 1 மெகாஓம் இருந்தால் விதிப்படி போதும். ஆனால் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். போன ஆண்டு 50 இருந்து இப்போது 1.2 என்றால் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. நான்காம் வகை இருப்பதே இதற்காகத்தான். காரணம் தெரியாததை மூன்றாம் வகையில் ஒளித்து வைக்காதீர்கள்.

9. ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி, நியூட்ரலில் சுவிட்ச், எர்த் இல்லாத மூன்று பின் பிளக். அலுவலக அறையில் இவை குறைந்தது இரண்டாம் வகை.

10. அறிக்கையைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில அறிக்கை முதலாளியின் கோப்புக்குள் போய்விடும். ஃபோர்மேன் படிக்க மாட்டார். ஷெட் எண், எந்தச் சுவர், என்ன குறை, என்ன வகை, யார் எந்தத் தேதிக்குள் செய்வது என்று ஒரே வரியில் இருக்கட்டும். சரிசெய்தாயிற்று என்று போனில் சொன்னால் அந்த வரியை அடிக்காதீர்கள். திரும்பிப் போய் அளந்து, புதிய அளவை எழுதி, அதன் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.