தரகர் வழி வீடு கொள்ளுதல்

நம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர் அரிய செய்யுளுக்கு உரை கூறவும், கடினமான கணக்குகளை விடுவிக்கவும் வல்லராய் விளங்குகின்றனர். ஆயினும் ஒரு கிரயப் பத்திரத்தை அவர் கையிற் கொடுத்து இதன் பொருள் யாதென வினவின், விழித்து நிற்கின்றனர். இக்குறை அவர்களுடையதன்று, அதனைக் கற்பிப்பார் இலர். இருபது முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருள் ஒரே நாளில் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுவது வீடு வாங்கும் அன்றேயாகும். அன்று நம்மவர் பெரும்பாலும் ஒருவரையே நம்பி நிற்கின்றனர்; அவரே தரகர். ஆதலின் அவரைப் பற்றியும், அவர் காட்டும் வீட்டைப் பற்றியும், நாஞ்சில் நாட்டிற்கே உரிய சில சிக்கல்களைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாகர்கோவிலிலே வடசேரியிலாயினும் கோட்டாற்றிலாயினும் காலையில் ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்ந்திருப்போர் தரகரைக் காணாது மீளார். எந்தத் தெருவில் எவர் வீடு விலைக்கு வருகின்றது, எந்த வீட்டுப் பிள்ளை வளைகுடா நாட்டில் நிலைபெற்றுவிட்டான், எந்த உடன்பிறந்தாரிடையே பாகப்பிரிவினை நெருங்குகின்றது என்பன எல்லாம் அவர் நாவின் நுனியில் உள்ளன. இவ்வறிவு சிறிதன்று. புதிதாக ஊருக்கு வருபவர் ஓராண்டு அலைந்தும் அறியாததை அவர் ஒரு பிற்பகலிற் காட்டிவிடுவார். அதற்குக் கூலியாக விலையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பெறுதல் வழக்கம். விற்பவர், வாங்குபவர் ஆகிய இருபாலாரிடமும் பெறுதலும் உண்டு.

ஆனால் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. கிரயம் முடிந்தாலன்றித் தரகு கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, ஏற்ற செயல் முற்றுப்பெற்ற பின்னரே முகவர்க்கு ஊதியம் உரியதாகும் என்றே கூறுகின்றது. ஆகவே பேரம் விரைந்து முடிதலே அவர்க்கு ஊதியம். தாமதமும் ஐயமும் அவர்க்கு நட்டம். இது தரகரின் குணக்கேடு அன்று, தொழிலின் இயல்பு. வீட்டைக் காட்டுவதற்கு அவரினும் சிறந்தார் இலர். வீட்டின் உரிமை எத்தகையது என்று கூறுதற்கு உரியவர் அவரல்லர்.

மறைவான பேரம் ஒன்றும் உண்டு. உடைமையாளரிடம் ஒரு விலை பேசிக்கொண்டு, வாங்குபவரிடம் மிகுத்துக் கூறி, இடையிலுள்ளதைத் தாமே கொள்வர் சிலர். முகவர் தம் முதல்வர்க்கு அறிவியாது அவர் காரியத்தில் தமக்கென வாணிகம் செய்வாராயின், அதனால் வந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெற முதல்வர்க்கு உரிமையுண்டென மேற்கூறிய சட்டமே விதிக்கின்றது. எனினும் வழக்குமன்றம் ஏறுவதினும் எளிய மருந்து, முன்பணம் கொடுக்குமுன் உடைமையாளரை நேரிற் கண்டு விலையை அவர் வாயாற் கேட்டலாகும். இச்சந்திப்பைத் தரகர் பலமுறை தட்டிக் கழிப்பாராயின் அதுவே போதிய அறிகுறி.

2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடிகளிலும் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர் தாமும் பதிவுபெற்று எண் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வெண்ணைக் கேட்டல் நாகரிகக் குறைவு அன்று. ஆயின் தனியொருவர் தம் பழைய வீட்டைப் பிறர்க்கு விற்கும் வாணிகம் அச்சட்டத்தின் இக்கட்டளைக்கு உட்பட்டதன்று. நம் ஊர்த் தரகரிற் பலர் செய்வது இவ்வாணிகமே.

இனி நாஞ்சில் நாட்டின் தனித்தன்மைக்கு வருவோம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாளிலேயே சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதற்கு முன்னைய நிலவுரிமையெல்லாம் திருவிதாங்கூர்ச் சட்டத்தைச் சார்ந்தவை. ஆகவே ஒரு வீட்டின் மூலப்பத்திரத்தைத் தேடிச் செல்வோர் சில தலைமுறை கடந்ததும் மலையாள எழுத்தையும் கொல்லம் ஆண்டையும் காண்பர். ஆவணித் தொடக்கம் முதல் டிசம்பர் முடிவு வரை கொல்லம் ஆண்டோடு 824-உம், ஜனவரி முதல் ஆடி முடிவு வரை 825-உம் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். அப்பத்திரங்களில் ஒற்றி என்னும் சொல் காணப்படின் அவ்விடத்தே நின்று படித்தல் வேண்டும். ஒற்றி கொண்டவர் எத்துணை ஆண்டு அனுபவித்திருப்பினும், காலம் கழிந்தது என்பது கொண்டே உடைமையாளராகிவிடார் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

வேளாளர் குடும்பங்களின் பழைய பத்திரங்களில் மருமக்கள்வழி உரிமை இழையோடும். மகனை விடுத்து மருமகனுக்குச் சொத்துச் சென்ற அம்முறையின் அல்லல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மருமக்கள்வழி மான்மியம் நகைச்சுவை ததும்பக் காட்டுகின்றது. 1926-இல் (கொல்லம் 1101) வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமே பாகம் பிரித்துக்கொள்ள வழி திறந்தது. அந்நூலைப் பாடமாகப் பயின்ற மாணவர், அதன் பொருளை ஒரு பத்திரப் பெட்டியிற் காணும் நாளில் அஃது எத்துணை உண்மையெனத் தெளிவர்.

கிறிஸ்தவக் குடும்பத்துச் சொத்தில் வேறொரு நுட்பம் உளது. அதனை நாம் கண்கூடாகக் கண்டதோர் நிகழ்ச்சியால் விளக்குவோம். ஈராண்டுகட்கு முன் நம் நண்பர் ஒருவர், ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றவர், நாகர்கோவிலில் ஆறரை சென்டில் ஓட்டு வீடொன்றை வாங்க விழைந்தார். தரகர் அறுபது கடந்தவர்; பேச்சில் இனியர். “சாரே, முப்பது கொல்லத்து வில்லங்கம் எடுத்தாச்சு, சுத்தம். இனி என்ன பார்க்கக் கிடக்கு?” என்றார். வில்லங்கச் சான்று உண்மையில் தூயதாகவே இருந்தது. ஆனால் அச்சான்று பதிவான பத்திரங்களையே காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழி வாடகை, நடைபெறும் வழக்கு, விடுபட்ட வாரிசு ஆகியன அதில் தோன்றா.

முப்பது ஆண்டுக்கு முற்பட்ட பாகப் பத்திரத்தை நாம் கேட்டு வாங்கிப் படித்தோம். வீட்டை முதலிற் கட்டிய பெரியவர் 1958-இல் உயில் எழுதாது இறந்தார். அவர்க்கு மைந்தர் இருவர், புதல்வியர் மூவர். 1964-இல் மைந்தர் இருவருமே சொத்தைப் பிரித்துக்கொண்டனர். சகோதரிகள் கலியாணமாகிச் சீதனம் பெற்றுப் போயினர், ஆதலின் அவர்க்கு அவகாசம் இல்லை என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது.

அவ்வரியை எழுதியவர் மனமறிந்து பொய் எழுதினாரல்லர். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம், சில பிரிவினர் நீங்கலாக, மகளுக்கு மகன் பங்கில் நாலிலொன்று அல்லது 5000 ரூபாய், இவற்றுட் குறைந்ததையே அளித்தது. சீதனம் பெற்றவர்க்கு அதுவும் இல்லை. அச்சட்டமே நிலைபெற்றிருக்கின்றது என்று அக்காலத்தார் பலரும் நம்பினர். 1970-களில் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே இதுபற்றி இருவேறு கருத்துகள் தோன்றின. மேரி ராய் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் ஐயத்தை அகற்றியது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் நீங்கி, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது தீர்ப்பு. அச்சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு ஒன்றே. ஆகவே கிறிஸ்தவக் குடும்பத்து வீடு கொள்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, முன்னோர் இறந்தது 1951 ஏப்ரலுக்கு முன்னோ பின்னோ என்பதாம். நம் நண்பர் கொள்ளவிருந்த வீட்டிற் புதல்வியர் மூவர்க்கும் பங்கு இருந்தது; அவர்கள் கையெழுத்து எங்கும் இல்லை.

வழக்கறிஞரைக் கண்டோம். நெடுங்கால அனுபவத்தைக் காட்டி வெல்லவும் கூடும், ஆயினும் தம் மகன் வாங்குவதாயின் விடுதலைப் பத்திரம் இன்றி வாங்க விடமாட்டேன் என்றார். தரகர் முகம் சுருங்கியது. இரண்டு வாரம் நம்மைக் காணவே வந்திலர். பின்னர் ஒருநாள் தாமே வந்து, வாரிசுகள் அனைவருடைய இருப்பிடத்தையும் ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்டினார். புதல்வியருள் இருவர் இறந்துவிட்டனர். அவர் மக்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் மஸ்கட்டிலுமாகச் சிதறியிருந்தனர். நாமோ வழக்கறிஞரோ இத்துணை விரைவில் அவர்களைக் கண்டுபிடித்திருக்க இயலாது. சிலர் பணம் கேட்டனர். அத்தொகையை விற்பவரே தம் விலையினின்று கொடுக்க இசைந்தார்.

மார்த்தாண்டத்திற்கு அருகில் வாழ்ந்த மூத்த புதல்வியார்க்கு வயது தொண்ணூறு. அவரைக் காண நாமும் சென்றோம். வந்த காரியத்தைக் கேட்டவர் சற்று நேரம் வாளா இருந்தார். பின்பு, “எனக்கும் அதிலே பங்குண்டுன்னு இண்ணைக்குத்தான் ஒருத்தர் வந்து சொல்லுதீங்க” என்றார். கிணற்றடியில் நின்ற அயனி மரம் இன்னும் நிற்கின்றதா என வினவினார். நிற்கின்றது என்றோம். கொடுத்த தொகையை எண்ணிப் பாராது பேத்தி கையிற் கொடுத்துவிட்டார்.

வீட்டைவிட மனையே வேண்டுவோர்க்கும் ஒரு சொல். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களில் நெல் விளைந்த வயல்கள் கல் நட்டு மனைகளாவதை நாள்தோறும் காண்கின்றோம். நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் பெறுவது. எனவே கோடையிற் காட்டப்படும் மனையை மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பார்த்தல் நலம். அங்கீகாரம் பெறாத பிரிவுகளின் மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 முதல் தடையுண்டு. பட்டாவின் பரப்பும் பத்திரத்தின் பரப்பும் ஒத்துள்ளனவா என்று புலப்படத்தோடு ஒப்பிட்டு, நில அளவர் ஒருவரைக் கொண்டு சங்கிலி பிடித்தும் பார்க்கவேண்டும். அரை சென்ட் குறைவும் நாகர்கோவில் நகரில் இலட்சங்களாகும்.

முன்பணத்தை வங்கி வழியே கொடுத்தல் வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கைப்பணமாகப் பெறுதல் 2015 முதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. கிரய உடன்படிக்கை மட்டும் வீட்டை நமதாக்காது; 1882-ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறும் வீடுநிலம் பதிவுபெற்ற பத்திரத்தாலேயே கைமாறும். நூற்றுக்கு 7 முத்திரைத்தீர்வையும், 2023 முதல் 4-இலிருந்து 2-ஆகக் குறைந்த பதிவுக்கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழப் பதினோரில் ஒரு பங்கு ஆதலின், அதனையும் முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

நம் நண்பரின் கிரயம் ஏழு திங்கள் கழித்துப் பதிவாயிற்று. வெளிநாட்டிலிருந்தோர் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினர். சார்பதிவாளர் அலுவலகத்தினின்று வெளிவந்ததும் நண்பர் தரகர்க்குப் பேசிய தொகையோடு, திருவனந்தபுரத்திற்கும் மார்த்தாண்டத்திற்கும் அவர் அலைந்த பேருந்துக் கட்டணத்தையும் கணக்கிட்டுக் கொடுத்தார். தரகர் பேருந்துக் கட்டணத்தை மட்டும் இருமுறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.