ஆள் இருக்கும் இடத்தை வாங்குகிறீர்களா?

சிங்கப்பூரின் கிராஞ்சியில் வீடுகளைவிடத் தொழிற்கூடங்களே அதிகம். அங்கே ஒரு யூனிட் விற்பனைக்கு வரும்போது, பல நேரம் உள்ளே யாராவது பட்டறை நடத்திக்கொண்டிருப்பார். இடம் கைமாறியது என்பதற்காக அவரைக் கிளப்பிவிட முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை புது உரிமையாளரும் பொதுவாக அதற்குக் கட்டுப்பட்டவரே.

சிங்கப்பூரின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று இரு தரப்புக்கும் காப்பு ஒப்பந்தத் தாள்தான். முடிவுத் தேதி, நீட்டிப்பு உரிமை, ‘விற்றால் முன்கூட்டியே காலி செய்ய வேண்டும்’ என்ற விதி உண்டா என்று வரிவரியாகப் பாருங்கள். முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகை 72,000, அதில் 0.4 விழுக்காடு, அதாவது 288 வெள்ளிதான் முத்திரை வரி. இதைச் சேமிக்கப் பார்ப்பது வீண் கஞ்சத்தனம்!

அதிகம் சச்சரவு வருவது வைப்புத்தொகையில். விற்பவர் அதை வாங்குபவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாடகைதாரருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இடம் கைமாறும் மாத வாடகையை நாள்கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். வாடகை பாக்கி இல்லை என்று வாடகைதாரரிடமே கையெழுத்து வாங்குவது நல்லது.

அரசுத் தொழில்நில அமைப்பான ஜேடிசியின் நிலமென்றால் விற்கவும் உள்வாடகைக்கு விடவும் அதன் ஒப்புதல் தேவைப்படலாம். பக்கத்து உட்லண்ட்ஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு விற்பவர் கதை வேறு: சாவி கொடுக்கும் நாளுக்குள் வாடகைதாரர் வெளியேறியிருக்க வேண்டும்.