இடுப்பு வலியும் முதுகெலும்பின் அமைப்பும்

நடவும் அறுவடையும் வந்துவிட்டால், இடுப்பு வலி என்று சொல்லாத வீடு நம் வட்டாரத்தில் இல்லை. சாலையும் கிணறும் கேட்டு வரும் ஊராட்சி உறுப்பினர்கள் இதைப்பற்றி நம்மிடம் பேசியதில்லை. ஆயினும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேர் இவ்வலியால் வருந்தினர்.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. இளம் பிராயத்தில் அதில் 33 முள்ளெலும்புகள் உள்ளன: கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5. அவற்றுக்குக் கீழுள்ள ஐந்தும் வயது வந்தபின் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. கடைசியிலுள்ளவை வால் எலும்பாகின்றன. எலும்புக்கு எலும்பு இடையே ஒரு வட்டு உண்டு. அதன் வெளிப்புறம் உறுதியான நார். உட்புறம் நுங்கு போன்ற பசை. பெரியவர்களின் வட்டுக்கு நேரடியான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. ஆகையால் அது பழுதுற்றால் மெதுவாகவே ஆறும். எலும்புகளின் பின்னேயுள்ள கால்வாயில் தண்டுவடம் இறங்குகிறது. அது இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் எலும்பருகே முடிந்துவிட, அதன்கீழ் நரம்புகள் குதிரைவால்போல் தொங்குகின்றன.

குனிந்து மூட்டை தூக்கும்போது நிகழ்வது யாது? ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (இளைஞர்கள் பார்த்திரார், பெரியவர்களைக் கேட்கலாம்.) சுமை உடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது, அதை இழுக்கும் முதுகுத் தசையோ முள்ளெலும்புக்குச் சில அங்குலங்களுக்குள்ளேயே பற்றியிருக்கிறது. எனவே 50 கிலோ மூட்டைக்கு அதைப்போல் பல மடங்கு பாரம் கீழ் வட்டுகளின்மீது விழுகிறது. சுமையை மார்போடு அணைத்துத் தூக்கினால் அது குறையும். இருவர் தூக்குவது அதனினும் நன்று.

பெரும்பாலான இடுப்பு வலிக்கு இன்ன எலும்பு, இன்ன வட்டு என்று காரணம் காட்ட இயலாது. அது சில வாரங்களில் தணிந்துவிடும். உடனே படம் எடுக்கவும் தேவையில்லை. கட்டிலிலேயே கிடப்பது பழைய வழக்கம். அதனால் தசை தளர்ந்து குணம் தாமதப்படும். இயன்றமட்டும் நடமாடுவதே தக்கது. வட்டின் பசை பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழும் இறங்கும். மல்லாந்து படுக்கவைத்து, காலை மடக்காமல் உயர்த்தி மருத்துவர் சோதிப்பது இதற்காகவே. இதுவும் பலருக்கு அறுவையின்றிக் குணமாகிறது.

சிலவற்றில் மட்டும் தாமதம் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பு வலியோடு ஒரு குடியானவர் நம்மிடம் வந்தார். தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துவிட்டது என்றும், முந்தைய இரவிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை என்றும் கூறினார். சூடு என்று எண்ணி, இளநீர் பருகச் சொல்லி அனுப்பினோம். குதிரைவால் நரம்புகள் நசுங்கியதன் அடையாளம் அது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. மறுநாள் மாவட்ட மருத்துவமனையில் அறுவை செய்தனர். இன்று நடக்கிறார், சிறுநீர் கழிக்கக் குழாயின் துணை வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளை இழக்கச் செய்தவர்கள் நாமே. இக்குறிகளைக் கண்டால், 108 வண்டியை அழைத்து அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக. பாதம் தொங்கினாலும், மரத்திலிருந்து விழுந்தபின் வலித்தாலும் அவ்வாறே.

மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் ஓயாத வலி ஆகியவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயோ என்று ஐயுற வேண்டும். இருமல் இல்லாமலும் அது வரும். அதற்குரிய மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. வலி நின்றுவிட்டாலும், மருத்துவர் குறித்த மாதங்கள் முடியும்வரை அதை நிறுத்தலாகாது.