மௌஸ் மக்கர் பண்ணினால் மார்க் குறைவது உங்களுக்குத்தான்

கிளையன்ட் கால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரீன் ஷேர் உங்கள் கையில். எக்ஸெல் ஷீட்டின் நட்ட நடுவில் கர்சர் நின்றுவிட்டது. தட்டுகிறீர்கள், உருட்டுகிறீர்கள், "ஸாரி, ஸாரி" என்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர்கூட மௌஸைத் திட்டப்போவதில்லை. "ஆள் தயாராக வரவில்லை" என்றுதான் நினைப்பார்கள். அநியாயம்தான். ஆனால் ஆபீஸ் அப்படித்தான்.

குவீன்ஸ்டவுன் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டிப் பெயர் பெற்ற வட்டாரம் இது. சிங்கப்பூரின் முதல் துணை நகரம். இன்றைக்கு ஒன்-நார்த்தில் ஃபியூஷனோபோலிஸ், பயோபோலிஸ் என்ற அலுவலக வளாகங்கள். பாசிர் பாஞ்சாங் பக்கம் மேப்பிள்ட்ரீ பிசினஸ் சிட்டி. ஒரு நாற்காலி காலியானால் உள்ளூர்ப் பட்டதாரி, சென்னையிலிருந்து வந்தவர், மணிலாவிலிருந்து வந்தவர் என்று வரிசை கட்டுகிறார்கள். கேமிங் மௌஸால் உலகப் பெயர் வாங்கிய ரேசர் கம்பெனியும் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 2021இல் ஒன்-நார்த்தில்தான் திறந்தது. அதை இணைந்து நிறுவிய மின்-லியாங் டான் சிங்கப்பூர்க்காரர், படித்தது சட்டம். உள்ளங்கையளவு சாதனத்தை அவர் அற்பமாக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள்.

ரீசார்ஜபிள் வயர்லெஸ் மௌஸைப் பார்த்து வாங்குவது ஒரு திறமை. அது படுத்துவிட்டால் பதறாமல் எழுப்புவது இன்னொரு திறமை. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. என் வேலை என்ன? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள், பிராண்டை அப்புறம் பார்க்கலாம். அக்கவுண்ட்ஸ், டேட்டா வேலை என்றால் ஸ்க்ரோல் வீல்தான் முக்கியம். வேகமாகச் சுழலும் வீலும், பக்கவாட்டில் நகர்த்த இன்னொரு வீலும் இருந்தால் நீண்ட ஷீட்டில் நேரம் மிச்சம். தினமும் எம்ஆர்டியில் லேப்டாப் பையோடு போகிறவருக்கு எடை குறைந்த மௌஸ். டிசைன் வேலைக்குத் துல்லியமான சென்ஸார். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் டிபிஐ எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சாதாரண ஆபீஸ் வேலைக்கு 1000 முதல் 1600 வரை தாராளம். இருபதாயிரத்துக்கு மேல் போவதெல்லாம் கேமிங் விளம்பரம்.

2. டாங்கிளா, புளூடூத்தா? 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளைச் செருகினால் உடனே வேலை செய்யும். ஆனால் ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். புளூடூத்துக்குப் போர்ட் வேண்டாம். ஆனால் முதல் முறை இணைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வங்கி, மருத்துவ ஆய்வு போன்ற இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் டாங்கிளை ஐடி பிரிவு அனுமதிக்காமல் போகலாம். காரணம் இருக்கிறது. 2016இல் மௌஸ்ஜாக் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. சில டாங்கிள்கள் வழியாகத் தொலைவிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் கீ அழுத்தங்களை அனுப்ப முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அதனால் காசு கொடுக்கும் முன் ஐடியில் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு வழியும் உள்ள மௌஸ் கிடைத்தால் அதுவே நல்லது.

3. எத்தனை மெஷினில் வேலை? நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு விண்ணப்பிப்பதற்கான முத்தரப்பு வழிகாட்டுதல் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாதி நாள் வீடு, பாதி நாள் ஹாட் டெஸ்க் என்று பலருக்கும் ஆகிவிட்டது. அடியில் 1, 2, 3 என்று சேனல் பட்டன் உள்ள மௌஸ் ஆபீஸ் லேப்டாப், சொந்த லேப்டாப், டேப்லெட் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும். தினமும் புதிதாக இணைக்கும் தொல்லை இல்லை.

4. சார்ஜ் ஏறும்போது வேலை செய்யுமா? இதை மறக்காமல் கேளுங்கள். ஆப்பிளின் மேஜிக் மௌஸில் சார்ஜ் துளை அடிவயிற்றில் இருக்கிறது. வயரைச் செருகினால் மௌஸ் மல்லாந்துதான் கிடக்க வேண்டும். 2024இல் டைப்-சிக்கு மாற்றியபோதும் துளையின் இடத்தை மாற்றவில்லை. முன்பக்கம் துளை உள்ள மௌஸ் என்றால் வயரோடே வேலையைத் தொடரலாம். குவிக் சார்ஜும் பாருங்கள். லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் முழு சார்ஜில் 70 நாள், ஒரு நிமிட சார்ஜில் 3 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. பழைய மைக்ரோ யுஎஸ்பி துளை என்றால் வேண்டாம். போன் சார்ஜர் வயரே மௌஸுக்கும் பொருந்துவதுதான் சௌகரியம்.

5. கைக்கு அடங்குகிறதா? படத்தைப் பார்த்து ஆர்டர் போடும் முன் கடையில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ரோச்சோர் கால்வாய் சாலையில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. தேக்கா பக்கம் போனால் சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா. உள்ளங்கை முழுக்க மேலே படிய வேண்டும், மணிக்கட்டு மேசையில் அழுந்தக் கூடாது. இடது கைக்காரர்கள் இன்னும் கவனம். நல்ல மாடல்களில் பல வலது கைக்கென்றே வளைத்துச் செய்தவை.

6. சத்தம் போடுமா? மார்கரெட் டிரைவில் 1970இல் திறந்த குவீன்ஸ்டவுன் நூலகத்தில் உட்கார்ந்து ரெஸ்யூமே தட்டுகிறீர்களா? சைலன்ட் கிளிக் வாங்குங்கள். ஜூம் நேர்காணலில் ஹெச்ஆர் பேசும்போது உங்கள் பக்கம் "டக் டக்" என்று கேட்டால், நீங்கள் வேறு எதையோ பார்க்கிறீர்கள் என்று அர்த்தம் ஆகிவிடும். மீட்டிங் ரூமில் கண்ணாடி மேசையா? பெரும்பாலான சென்ஸார் கண்ணாடியில் தடுமாறும். பையில் மெல்லிய மௌஸ் பேட் ஒன்று இருக்கட்டும்.

7. பில் எங்கே? 20 வெள்ளிக்கும் மௌஸ் உண்டு, 150 வெள்ளிக்கும் உண்டு. எதுவானாலும் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் லெமன் லா இருக்கிறது. வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம். தனி ஆளிடம் கேரோசலில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

படுத்துவிட்டதா? இந்த வரிசையில் போங்கள்

ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் மௌஸ் எழுந்துவிடலாம். எதனால் எழுந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி படுக்கும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: அடியைப் பாருங்கள். ஸ்விட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா? பையில் உரசி ஆஃப் ஆகியிருக்கும். சேனல் 1இல் இருக்க வேண்டியது 2க்குப் போயிருக்கும். சென்ஸார் துளையில் ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் கர்சர் துள்ளும், ஊதிவிடுங்கள். பல சமயம் கதை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: சார்ஜ் உண்மையில் ஏறுகிறதா? செருகியதும் பெரும்பாலான மௌஸ்களில் விளக்கு எரியும். எரியவில்லை என்றால் மௌஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், வயரை மாற்றுங்கள். விலை குறைந்த சில மௌஸ்களில் ஒரு விசித்திரம் உண்டு. இரு முனையும் டைப்-சியாக உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக இருந்தால் ஏறும். டைப்-சி சார்ஜர், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியானால்தான் மின்சாரம் விடும். அந்த அடையாளத்தைக் காட்டும் சின்ன ரெசிஸ்டர்களை மலிவு மௌஸில் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பெட்டியில் வந்த வயரைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதற்காகத்தான். மௌஸின் உடல் உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி. புளோக்கின் குப்பைக் குழாயில் போடக் கூடாது.

படி 3: விட்டு விட்டு நகர்கிறதா? டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். லேப்டாப்பின் பின்பக்கமோ டாக்கிங் ஸ்டேஷனின் முதுகிலோ, ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மௌஸுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வீட்டில் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் இன்னும் குறையும்.

படி 4: புளூடூத் முரண்டு பிடிக்கிறதா? செட்டிங்ஸில் மௌஸின் பெயரை நீக்குங்கள். புளூடூத்தை அணைத்துப் போடுங்கள். மௌஸின் இணைப்புப் பட்டனை விளக்கு வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடித்து, புதிதாக இணையுங்கள். சற்று நேரம் சும்மா விட்டால் மட்டும் இணைப்பு அறுகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

படி 5: இன்னொரு மெஷினில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் குற்றவாளி உங்கள் லேப்டாப். அங்கேயும் ஓடாவிட்டால் மௌஸ். இந்த ஒரு சோதனை பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும். பக்கத்து சீட்காரரிடம் இரண்டு நிமிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

படி 6: ஒரு தட்டுக்கு இரண்டு கிளிக் விழுகிறதா? பட்டனுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. செட்டிங்ஸில் நோண்டினால் கொஞ்ச நாள் மறையும், குணமாகாது. வாரண்டி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் புதிது வாங்குங்கள். தவறான ஈமெயிலை இரண்டு முறை அனுப்பிவிட்டு மௌஸைக் காரணம் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெயர் வாங்கித் தரும் பழக்கங்கள்

கீபோர்டு தெரிந்திருக்கட்டும். ஆல்ட்-டேப்பில் விண்டோ மாறும். பவர்பாயிண்டில் எஃப்5 அடித்தால் ஸ்லைடு தொடங்கும், அம்புக்குறியில் நகரும். டீம்ஸில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எம் அடித்தால் மைக் அணையும். மௌஸ் செத்தாலும் பேச்சை நிறுத்தாமல் ஸ்லைடை நகர்த்துகிறவரை மேனேஜர் கவனிப்பார். உங்களோடு ப்ரமோஷனுக்குப் போட்டியிடும் ஆளும் கவனிப்பார்.

வெள்ளிக்கிழமை சார்ஜ். வாரக் கடைசியில் லேப்டாப்பை மூடும் முன் மௌஸைச் சார்ஜில் போடுங்கள். காலண்டரில் ரிமைண்டர் வையுங்கள். மாதக்கணக்கில் பூஜ்யத்தில் கிடக்க விடாதீர்கள்; வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். இரண்டுமே லித்தியத்தின் ஆயுளைத் தின்னும்.

டிராயரில் ஒரு வயர் மௌஸ். விலை பத்து, பதினைந்து வெள்ளி. வீட்டிலிருந்து கோடிங் டெஸ்ட் எழுதும் நாளிலும், நேர்காணலில் ஸ்க்ரீன் ஷேர் கேட்கும் நாளிலும் வயர்லெஸ்ஸை ஓரமாக வைத்துவிட்டு இதையே பயன்படுத்துங்கள். ஸ்டைல் காட்டும் நாள் அதுவல்ல.

புலம்பாதீர்கள். மீட்டிங்கில் மௌஸ் நின்றால் "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டைப் பேசிக்கொண்டே கீபோர்டுக்கு மாறுங்கள். பேட்டரிக் கதையை எல்லாருக்கும் விவரிக்காதீர்கள்.

டிக்கெட் எழுதத் தெரிய வேண்டும். "மௌஸ் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் ஐடியிடமிருந்து நான்கு கேள்விகள் திரும்பி வரும்; அரை நாள் போய்விடும். இப்படி எழுதுங்கள்: "காலை 10 மணியிலிருந்து கர்சர் விட்டு விட்டு நகர்கிறது. முழு சார்ஜ் இருக்கிறது. டாங்கிளை வேறு போர்ட்டில் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. சக ஊழியரின் லேப்டாப்பில் இதே மௌஸ் சரியாக ஓடுகிறது. என் லேப்டாப்பின் யுஎஸ்பி டிரைவரைப் பார்க்க முடியுமா?" ஐந்தே வரி. என்ன நடந்தது, எப்போதிலிருந்து, எதைச் செய்து பார்த்தீர்கள், என்ன வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. கிளையன்ட் புகாரையும் சர்வர் பழுதையும் இதே வரிசையில் எழுதுகிறவர்தான் டீம் லீட் ஆகிறார்.

இலவச ஐடி ஆளாகிவிடாதீர்கள். பக்கத்து சீட்காரருக்கு ஒருமுறை சரிசெய்து கொடுங்கள், நல்ல பெயர். மூன்றாவது முறை வந்தால் எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அப்ரைசலில் மௌஸ் ரிப்பேருக்கு மார்க் இல்லை.

புதிதாக வாங்கிய மௌஸை முக்கியமான மீட்டிங் அன்று காலையில் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். முதல் நாள் இரவே சார்ஜ் ஏற்றி, இணைத்து, அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். கெட்டுப்போகாத மௌஸ் எந்தக் கடையிலும் கிடையாது. கெட்டாலும் வேலை நிற்காது என்று பெயர் எடுத்த ஆளைத்தான் அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் கூப்பிடுவார்கள்.