குழந்தையின் மூளை வளரும் காலம்

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 தொடக்கம் 400 கிராம் வரை நிறையுடையது. வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1300 தொடக்கம் 1400 கிராம் வரை இருக்கும். இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. ஆறு வயதாகும்போது மூளை தனது முழு அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும்.

நரம்புக்கலங்களிற் பெரும்பாலானவை பிறக்கும்போதே உள்ளன. பிறந்த பின் பெருகுவன அவற்றுக்கிடையிலான இணைப்புகளேயாகும். தேவைக்கு அதிகமாகவே அவை தோன்றுகின்றன. ஆட்கள் நடந்து திரியும் ஒற்றையடிப் பாதை நிலைத்திருக்கும். எவரும் நடவாத பாதையைப் புல் மூடிவிடும். அவ்வாறே பயன்படும் இணைப்புகள் உறுதிபெற, பயன்படாதவை மறைந்துபோகின்றன.

குழந்தைக்கு உணவும் உறைவிடமும் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு ருமேனியா நாட்டின் துயர அனுபவம் விடை தந்துள்ளது. அங்கு 1966 இல் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. வறுமையால் வளர்க்க முடியாத பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அரச இல்லங்களில் விட்டனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபின் உலகம் அவ்வில்லங்களைக் கண்டது. பால் கிடைத்தது, படுக்கை கிடைத்தது. ஆனால் பல குழந்தைகளுக்கு ஒரு பணிப்பெண்ணே இருந்தார். தூக்கி அணைக்கவோ பேச்சுக் கொடுக்கவோ ஆளில்லை.

2000 ஆம் ஆண்டில் சாள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சாள்ஸ் சீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வை ஆரம்பித்தனர். இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேர் குலுக்கல் முறையில் தெரிவுசெய்யப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். குடும்பங்களுக்குச் சென்றவர்களின் அறிவுத்திறன், இல்லங்களில் தொடர்ந்தவர்களைவிட உயர்ந்தது. இரண்டு வயதுக்கு முன் சென்றோரே கூடிய பயன் பெற்றனர். எட்டு வயதில் அவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தபோது, பெற்றோருடன் வளர்ந்த பிள்ளைகளின் பதிவுகளை அவை ஒத்திருந்தன. பிந்திச் சென்றோரிடம் அவ்வாறு காணப்படவில்லை.

2004 இல் ருமேனியா, கடுமையான அங்கவீனமுற்றோர் தவிர்ந்த, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களிற் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

இரண்டு வயதுடன் எல்லாம் முடிந்துவிடுகின்றது என்பது இதன் பொருளன்று. சிந்தித்து முடிவெடுக்கவும் கோபத்தை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்ச்சியடைகின்றது. ஆயினும் அத்திவாரம் இடப்படுவது மடியிலும் தொட்டிலிலுமேயாகும்.

குழந்தை மழலை பேசும்போது முகம் பார்த்து மறுமொழி சொல்லுதல், தாலாட்டுப் பாடுதல், நிலாக் காட்டிச் சோறூட்டுதல், கேட்ட கேள்விக்குச் சலியாது விடையளித்தல் என்பனவெல்லாம் மூளையின் இணைப்புகளை உறுதிசெய்யும் செயல்களாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, ஆள் வேண்டும். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் குழந்தையின் அழுகையை நிறுத்தலாம். அதன் சிரிப்புக்குப் பதிற்சிரிப்புத் தரமாட்டா. அதனைத் தாயும் தந்தையும் அம்மம்மாவும் அப்பப்பாவுமே தரமுடியும்.